ஒத்திவைப்பு

சன்னாசி,
லாபிஸ் சுடுகாட்டுக்கு இன்னும் இரண்டு மைல் இருக்கையில்
உன்னை ஏற்றிவந்த வேன்
பின்பக்கத்து இடது சக்கரத்தில் காற்றை விட்டது.
செம்பனை முள் இல்லை, துருப்பிடித்த ஆணி.
பார்த்ததுமே தெரியும் எனக்கு,
நாற்பத்தொரு வருடத் தொழில்.

எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.
மூன்று மணிக்கு நேரம் வாங்கியிருந்தார்கள்.
எனக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது,
உன் தங்கை தவமலர் முறைத்தாள்.
எந்தக் கோர்ட்டுக்கு நீ
சொன்ன நேரத்தில் போயிருக்கிறாய்?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
தார்ச்சாலையில் குந்தினேன்.

லண்டனுக்கு நீ படிக்கப் போன அன்று
பெட்டிக்குப் பூட்டு இல்லை.
சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டினேன்.
அந்த டியூபை ஐந்து வருடம் அவிழ்க்கவேயில்லை என்றாய்
திரும்பி வந்து.
அப்புறம் எப்படிடா சட்டை மாற்றினாய்
என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நீ போகாத ஊர் எது?
மாநாடு என்பாய், வழக்கு என்பாய்,
சில சமயம் காரணமே சொல்லமாட்டாய்.
மற்றவர்கள் கோபுரத்துக்கு முன்னால் நின்று படம் பிடிப்பார்கள்,
நீ எனக்காகப் பங்சர் கடைகளைத் தேடிப் போனாய்.
லிமாவில் பல்லில்லாத ஒருவர்.
நைரோபியில் மரத்தடியில் இரண்டு பையன்கள்.
இஸ்தான்புல்லில் பூனை தூங்கும் லோரி டயர்.
“பாரு ரங்கம், எல்லா ஊர்லயும்
தண்ணியில முக்கித்தான் பாக்குறான்.”
கடைச் சுவரில்தான் இருக்கின்றன,
கிரீஸ் விரல் பட்டுப் பட்டு
எது எந்த நாடு என்று தெரியவில்லை இப்போது.

திருட்டு டயர் வாங்கினேன் என்று
என்னைப் பிடித்துப் போட்டபோது
பெர்த்திலிருந்து நேரே வந்தாய்.
உன் பெட்டி வரவில்லை.
செருப்போடு உள்ளே விடமாட்டார்கள் என்று
என் சப்பாத்தைக் கழற்றி நீ போட்டுக்கொண்டாய்.
வெறுங்காலோடு நான் கூண்டில் நின்றேன்.
ஒரு அளவு சின்னது அது.
வாதாடும்போதெல்லாம் நீ முகம் சுளித்ததை
நீதிபதி
நியாயத்தின் வலி என்று நினைத்திருப்பார்.

நீ யாரிடமும் காசு வாங்கியதில்லை என்று
காலையிலிருந்து ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.
வாங்கினாய்.
ரப்பர் மரத்தடியில் பிறந்து, தாளில் பிறக்காத என் அஞ்சலைக்குச்
சிவப்பு அட்டையை நீலமாக்க
ஒன்பது வருடம் அலைந்துவிட்டு
நூற்றிருபது வெள்ளி. ரசீதோடு.
“சும்மா செஞ்சா
அது என்னைப் பாக்குறப்பல்லாம் எந்திரிச்சு நிக்கும், ரங்கம்.”
அவள் இதுவரை எழுந்து நின்றதில்லை.
இன்றைக்குத்தான்.

லயத்து வழக்கை நாம் பேசியதேயில்லை.
முப்பத்திரண்டு குடும்பம்.
தோற்ற இரவு என் கடையில் வந்து
டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தாய்,
கோப்பி ஆறி ஆடை கட்டியது.
அந்த வருடம் நீ எங்கும் பறக்கவில்லை.
புல்டோசர் போன பாதையில்
இப்போது கேட் போட்ட வீடுகள்,
அதைத் தவிர்க்க நீ சுற்றிப் போகும் நான்கு மைலை
உன் காரின் டயர்கள் எனக்குச் சொல்லும்.

இன்று வேன் அந்த வழியாகத்தான் வந்தது.
டிரைவர் புதுப்பையன், அவனுக்கு என்ன தெரியும்.

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஓரம் கட்டியது.
லொம்போக்கிலிருந்து வந்த ஆள் போல,
கேட்காமலே ஜாக்கியைப் பிடித்தான்.
உள்ளே யார் என்று மலாயில் கேட்டான்.
லாயர் என்றேன்.
பிறகு, கூட்டாளி என்றேன் தமிழில்.
அவன் தொப்பியைக் கழற்றினான்.

ஆணியைப் பிடுங்கி,
ரப்பர் திரியைச் செருகி,
காற்றடித்தேன்.
முக்கிப் பார்க்கத் தொட்டி ஏது அங்கே?
அவன் தன் குடிதண்ணீரைச் சாய்த்தான்
ஓட்டை இருந்த இடத்தில்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்,
வெகுநேரம்.

ஒரு குமிழிகூட
வரவில்லை.